டிக்கெட்டும் விக்கியும் ஒரே வீட்டில்: டிராக், ரெட்மைன், கிட்ஹப் ஓர் ஒப்பீடு

ஒரு வழுவைத் திருத்த நிரலைத் திறக்கிறீர்கள். நடுவில் விளங்காத ஒரு வரி நிற்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கமிட் குறிப்பில், அதாவது நிரல் மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில், ‘டிக்கெட் 412 பார்க்க’ என்று மட்டும் இருக்கிறது. டிக்கெட் என்பது ஒரு வழுவுக்கோ வேலைக்கோ எண்ணிட்டு வைக்கும் பதிவு. அந்த 412 இன்று திறக்கிறதா? வழுப்பதிவு மென்பொருள்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். திரையின் அழகையும் வசதிப் பட்டியலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் அது திறக்கவில்லை. டிக்கெட்டுகள் ஓரிடத்தில், எங்கள் ஆவணப் பக்கங்கள் இருந்த விக்கி வேறொரு இணையச் சேவையில், நிரல் மூன்றாவது இடத்தில் என்று வைத்திருந்தோம். விக்கியை நடத்திய நிறுவனம் ஒருநாள் சேவையை மூடியது. பக்கங்களை மீட்டுவிட்டோம். ஆனால் டிக்கெட்டிலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து டிக்கெட்டுக்கும் போய்வந்த இணைப்புகள் அத்தனையும் அறுந்துபோயின. ‘ஏன் இப்படிச் செய்தோம்’ என்ற விவரம் அந்த இணைப்புகளில்தான் இருந்தது.

அதன்பிறகு டிக்கெட்டும் விக்கியும் சேர்ந்தே வரும் டிராக்கை நிறுவினோம். 2004இல் வெளிவந்த, பைத்தானில் எழுதப்பட்ட மென்பொருள் இது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அதற்கு முன்பே எழுதியிருந்த சிவிஎஸ்டிராக்தான் இதற்கு முன்னோடி. டிராக்கில் விக்கி தனிப் பகுதி அன்று. டிக்கெட்டின் விவரம், கமிட் குறிப்பு, மைல்கல்லின் விளக்கம் எல்லாமே விக்கி எழுத்துதான். எங்கே எண்குறியோடு (#) 412 என்று எழுதினாலும் அது இணைப்பாகிறது. டிக்கெட் மூடப்பட்டிருந்தால் எண்ணின் மேல் கோடு விழுகிறது. ஒரு வடிவமைப்புப் பக்கத்தைப் படிக்கும்போதே எந்த வேலை முடிந்தது, எது நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு எளிய வசதி எவ்வளவு பெரிய உதவி என்பது பயன்படுத்தியவர்களுக்குப் புரியும்.

தமிழில் விக்கி எழுதுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்துகளோடு ஒட்டி எழுதினால் டிராக் தானாகவே பக்க இணைப்பாக்கிவிடும். தமிழில் பெரிய எழுத்து ஏது? பக்கப் பெயரை ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள்தான் இட வேண்டும். தொடக்கத்தில் கை மறந்துபோகும். எந்த இணைப்பும் வராத அநாதைப் பக்கங்கள் சேரும். ஒரு முகப்புப் பட்டியல் பக்கத்தை வைத்துக்கொண்டு அதைச் சமாளித்தோம்.

டிராக் மெதுவாக ஓடுகிறது என்ற புகாரை நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் காரணம் அமைப்பில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் அது எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு வருகிறது. பலர் ஒரே நேரத்தில் எழுதினால் ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்ற பிழை எழும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறியதும் அது எங்களுக்கு நின்றது. அடுத்தது தேடுபொறிகளின் தானியங்கிகள். நிரல் வரலாற்றின் ஒவ்வொரு பதிப்புக்கும், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. தானியங்கி உள்ளே நுழைந்தால் வெளியே வர வழியே இல்லாத காடு அது. உள்நுழையாதவர்களுக்கு நிரல் உலாவும் அனுமதியை எடுத்த அன்றே சர்வர் மூச்சு விட்டது. மூன்றாவது, யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நிரல் களஞ்சியத்தில் புதிய கமிட் உண்டா என்று சோதிக்கும் பழைய வழக்கம். அதை நிறுத்திவிட்டு, கமிட் விழும்போது களஞ்சியமே செய்தி சொல்லும்படி கொக்கி (தானாக ஓடும் சிறு நிரல்) போட வேண்டும்.

ரெட்மைன் என்ற இன்னொரு வழுப்பதிவு மென்பொருளிலும் இதே நோய், இதே மருந்து. களஞ்சியப் பக்கத்தைத் திறந்தவுடன் கமிட்டுகளை இழுத்துவரும் அமைப்பு அதில் உண்டு. பெரிய களஞ்சியமென்றால் பக்கம் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அந்த வேலையைப் பின்னணிக்குத் தள்ளிவிடுவதே நல்லது.

2006இல் வந்த ரெட்மைன், ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. ரூபி மொழியின் வழுக்களே அதில்தான் பதிவாகின்றன. அதன் பலம் பல திட்டங்களை ஒரே நிறுவலில் தாங்குவது. ஒரு திட்டத்துக்குக் கீழே இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி விக்கி, ஆளுக்கேற்ற பொறுப்பு, வேலைகளைக் காலக்கோட்டில் காட்டும் கான்ட் வரைபடம், நேரக் கணக்கு எல்லாம் உண்டு. ஐந்தாறு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் நிறுவனத்துக்கு டிராக்கைவிட இதுவே பொருந்தும். ஆனால் செருகுநிரல்களில் கவனம் வேண்டும். ரெயில்ஸின் பதிப்பு மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு செருகுநிரல் முறிந்து, மேம்படுத்தல் அங்கேயே நின்றுபோகும். ஒருவரைச் சர்வர் பராமரிப்புக்கென்றே வைக்க முடியாத குழு, செருகுநிரலே இல்லாத ரெட்மைனோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நிரலை வைத்துப் பகிரும் இணையச் சேவையான கிட்ஹப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் ‘எல்லாரும் அங்கேதானே இருக்கிறார்கள்’ என்பார்கள். அது சரியான வாதம்தான். பைத்தான் 2022 ஏப்ரலில் தன் பழைய ரவுண்டப் பதிவேட்டிலிருந்து கிட்ஹப்புக்கு மாறியது. வெளியாள் ஒருவர் புதுக் கணக்குத் தொடங்காமல் வழுவைச் சொல்ல முடிவது திறமூலத் திட்டத்துக்குப் பெரிய வரவு. சர்வர், பேக்கப், எரிதத் (ஸ்பேம்) தொல்லை எதுவும் நம் தலையில் இல்லை.

என் மனக்குறை அதன் விக்கியில் இருக்கிறது. கிட்ஹப் விக்கி உள்ளுக்குள் தனி கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியம்; நிரலோடு சேர்ந்து நகராது, அதில் மாற்றத்தை முன்மொழிந்து மறுபார்வைக்கு அனுப்பவும் வழியில்லை. அதனால் பல திட்டங்கள் விக்கியைக் கைவிட்டு, நிரலுக்குள்ளேயே ஆவணக் கோப்புறை வைத்துக்கொள்கின்றன. நானும் அதையே பரிந்துரைப்பேன். கிட்ஹப்பில் இருப்பவர்கள் விக்கி தத்தலை (டேப்) அணைத்துவிடுங்கள்.

இன்னொரு வேறுபாடு டிக்கெட்டின் புலங்களில் இருக்கிறது. கிட்ஹப்பில் நெடுங்காலம் லேபிள்தான் எல்லாம். நிலை, தீவிரம், பகுதி என அனைத்தையும் வண்ணத் துண்டுகளாக ஒட்ட வேண்டியிருந்தது. ஒரே டிக்கெட்டில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு லேபிள்கள் ஒட்டினாலும் தடுக்க ஆளில்லை. இதற்கு எதிரான நல்ல எடுத்துக்காட்டு, பைத்தானில் இணையதளங்களை எழுத உதவும் ஜாங்கோ. அதன் நிரல் கிட்ஹப்பில் இருந்தாலும் டிக்கெட்டுகள் டிராக்கில்தான் வாழ்கின்றன. எண்ணிக்கை 36,000ஐத் தாண்டிவிட்டது. ‘இன்னும் பார்க்கப்படவில்லை’, ‘ஏற்கப்பட்டது’, ‘சேர்க்கத் தயார்’, ‘எப்போதாவது’ என்ற நான்கு நிலைகளில் ஏதேனும் ஒன்றில்தான் ஒரு டிக்கெட் இருக்க முடியும். தன் திருத்தத்தைத் தானே ‘சேர்க்கத் தயார்’ என்று குறிக்கக்கூடாது. இன்னொருவர் பார்த்த பிறகே அந்த நிலை. பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய குவியலை அவர்கள் அள்ளுவதற்கு இந்த ஒழுங்கு துணைநிற்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் புலங்களைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. டிராக்கில் முன்னுரிமையின் தொடக்க மதிப்பு ‘பெரியது’. யாரும் அதை மாற்றவில்லை. ஓராண்டில் எங்களிடம் இருந்த டிக்கெட் அனைத்தும் ‘பெரியவை’ ஆகிவிட்டன. தீவிரம் என்ற புலத்தை நீக்கினோம், முன்னுரிமையை மூன்றாகக் குறைத்தோம், பதிவு செய்பவர் அதைத் தொடவே வேண்டாம் என்றோம். வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேரம் இருவர் உட்கார்ந்து அதை நிரப்புகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளரை அமைத்துவிட்டால் புது டிக்கெட் தானாகவே உரியவரிடம் போய்ச் சேரும். மென்பொருளை மாற்றாமலே வேலை சீரானது.

ஃபாசில் என்ற மென்பொருளையும் விட்டுவிட மனமில்லை. அதுவும் ஹிப் எழுதியதே; எஸ்கியூலைட்டின் நிரல் 2009 முதல் அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு கோப்பு, அதற்குள் நிரல், டிக்கெட், விக்கி மூன்றும். களஞ்சியத்தை நகலெடுத்தால் டிக்கெட்டுகளும் கூடவே வரும். என் 412 சோதனையில் முழு மதிப்பெண் அதற்குத்தான். கிட்டை விட்டுவரத் துணிய வேண்டும் என்பதொன்றே தடை, சிறிய தடையன்று.

மற்றவர்களில், ஒரே திட்டமும் சர்வரைக் கவனிக்க ஓர் ஆளும் இருந்தால் டிராக். பல திட்டங்களென்றால் ரெட்மைன். வெளியாரின் பங்களிப்பு உயிர்நாடி என்றால் கிட்ஹப். எதுவானாலும் டிக்கெட்டுகளை வாரம் ஒருமுறை வெளியே எடுத்து வையுங்கள். பல திட்டங்களின் நிரல்களைத் தாங்கிய கூகுள் கோட் போன்ற பெரிய வீடே 2016 ஜனவரியில் மூடப்பட்டதல்லவா?

மாறும்போது எண்களைக் காப்பாற்றுங்கள். இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் திட்டம் 2020இல் டிராக்கிலிருந்து, கிட்ஹப் போன்ற கிட்லேபுக்குப் போனபோது, பழைய எண்களோடு மோதாதபடி புதியவற்றை 40,000க்கு மேல் தொடங்கியது. கிட்ஹப்பில் டிக்கெட்டுக்கும் இணைப்புக் கோரிக்கைக்கும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது) ஒரே எண்வரிசைதான். ஆகவே காலியான களஞ்சியத்தில், முதல் கோரிக்கை விழுவதற்கு முன்பே, பழைய டிக்கெட்டுகளை ஒன்றிலிருந்து வரிசையாக ஏற்றிவிட வேண்டும். நடுவே அழிந்துபோன எண்களுக்கு வெற்று டிக்கெட்டுகளை இட்டு மூடினால், 412 அங்கேயும் 412ஆகவே இருக்கும்.