பன்னிரண்டு ஐப்பசி: மன்னார்குடி வீட்டில் படங்களைக் காத்த அனுபவம்

எங்கள் வீடு மன்னார்குடியில், ஹரித்ராநதிக் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. முன்பக்கம் ஓடு, நடுவில் முற்றம், பின்கட்டில் தளம் போட்ட ஒரே ஒரு மெத்தை அறை. மாமனார் வழியில் வந்த தஞ்சாவூர் ஓவியங்கள் 9, கண்ணாடியின் பின்பக்கம் வரைந்த படங்கள் 3, ரவிவர்மா அச்சகத்துப் பழைய வண்ண அச்சுப் படங்கள் 40க்குக் கொஞ்சம் மேல், சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு நேரில் போய் நான் வாங்கிய கலம்காரித் துணிகள் 4. இவ்வளவுதான் சொத்து. 2013 ஐப்பசியிலிருந்து இவற்றைப் பாதுகாக்க என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். பன்னிரண்டு ஐப்பசி தாண்டிய பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன். டெல்டா வீடுகளில் இப்படிப் படம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

ஆரம்பம் ஒரு நவநீத கிருஷ்ணன் படத்தில். வெண்ணெய்த்தாழி உற்சவம் நடக்கிற ஊரில் அந்தப் படம் இல்லாத பழைய வீடு குறைவு. எங்களுடையது பலா மரப் பலகையில் செய்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பத்திரமாக இருக்கட்டும் என்று புதுச் சட்டம் போட்டு, பின்பக்கம் பிளைவுட் அடித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அந்தக் கார்த்திகையில் திறந்தால் கிருஷ்ணனின் நீல உடம்பு முழுக்க அரிசி மாவு தூவியது போல வெள்ளைப் பூசணம். இடது கன்னம் மட்டும் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஈரம் இல்லை, வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தஞ்சாவூர் ஓவியத்தின் உடம்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடந்தது என்று புரியும். பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சு. நகை, மண்டபம், திரைச்சீலை எல்லாம் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவும் கோந்தும் சேர்த்த மக்கு என்ற பசையால் மேடாக எழுப்பியது. அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), கல். மரம், துணி, கோந்து மூன்றுமே காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பவை. கோந்து பூசணத்துக்கு நல்ல சாப்பாடும்கூட. கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைத்துப் பின்பக்கத்தையும் அடைத்தால், வெள்ளையடித்த சுவரின் ஈரமும் மழைக்கால ஈரமும் உள்ளேயே நின்றுவிடும். பத்திரம் என்று நினைத்துச் செய்ததுதான் அதைக் கெடுத்தது.

கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் இருந்தேன், அந்த மட்டும் நல்லது. பழைய படங்களைச் சீர்செய்யும் ஒருவரிடம் தஞ்சாவூருக்கு அப்படியே எடுத்துப் போனோம். பல நாள் பொறுமையாக வேலை செய்து பிரித்துக் கொடுத்தார். கன்னத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு வண்ணம் போனது போனதுதான். புதிதாக வண்ணம் வைக்கவா என்று கேட்டார். “வேண்டாங்க, இருக்கிறது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். இன்றும் அந்த வெள்ளைப் புள்ளி அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு தஞ்சாவூர் ஓவியங்களின் சட்டங்கள் எல்லாவற்றையும் பிரித்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி வருமாறு மரப்பட்டி வைக்கச் சொன்னேன். மேடான கல்லும் மக்கும் கண்ணாடியைத் தொடக் கூடாது. “டீச்சர், இவ்வளவு இடைவெளி விட்டா பெட்டி மாதிரி தெரியுமே” என்றார் சட்டம் போடுபவர். தெரியட்டும் என்றேன். ஒன்பது படத்துக்கும் சேர்த்து ஆன செலவு, பின்னால் நான் வாங்கிய பெரிய சாமான்களின் விலையைவிடக் குறைவு. இத்தனை வருஷத்தில் முழுதாகப் பலன் தந்த ஒரே செலவும் அதுதான்.

அடுத்து வாங்கியது ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், 450 ரூபாய். இது கட்டாயம் வேண்டும். ஆனால் வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக்க மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது. அதாவது ஒரு மழைக்காலம் முழுக்க 63 என்று நான் நிம்மதியாக இருந்தபோது, உண்மையில் 70ஐ ஒட்டி இருந்திருக்கிறது. 65க்கு மேல் போய் அங்கேயே தங்கினால் பூசணம் பிடிக்கும் ஆபத்து தொடங்குகிறது. இப்போது மூன்று மீட்டர் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் முதுகிலும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்த மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியதில்தான் முக்கியமான விஷயம் தெரிந்தது. மார்கழி விடியற்காலையில் கூடத்தில் 88. அதே நேரம் மெத்தை அறையில் வெளிச்சுவர் ஓரம் 79, உள்சுவர் ஓரம் 71. ஒரே அறையில் நாலு எட்டு நடந்தால் எட்டுப் புள்ளி குறைகிறது! ராத்திரி வெளிச்சுவர் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றில் ஈரம் கூடும், அங்கே அலமாரியைச் சாத்தி வைத்தால் முதுகில் காற்றே ஓடாது. பிளைவுட் அலமாரியை நான் வைத்திருந்தது சரியாக அந்த வெளிச்சுவரில். எதில் வைப்பது என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் எங்கே வைப்பது என்று பாருங்கள். அதற்குக் காசே ஆகாது.

பிளைவுட் அலமாரியைத் துணிமணிக்குக் கொடுத்துவிட்டேன். புதுப் பிளைவுட்டிலிருந்து பசையின் ஆவி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், காகிதத்துக்கும் வண்ணத்துக்கும் அது ஆகாது. பதிலாக ஒரு பழைய இரும்பு பீரோ. உள்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு காலுக்கும் கருங்கல் துண்டு. செங்கல் வேண்டாம், அது தரையிலிருந்து ஈரம் இழுக்கும். கரையான் ஏறினால் மண் கோடு கண்ணில் படும்படி பீரோவின் அடியைக் காலியாக வைத்திருக்கிறேன். 2017-ல் ஒரு தடவை அந்தக் கோட்டைப் பார்த்து, இரண்டாம் நாளே ஆளைக் கூப்பிட்டு மருந்து அடித்தோம். பீரோவின் குறை, விடியற்காலையில் இரும்பு சில்லென்று ஆகிவிடுவது. தட்டுகளில் துவைத்துக் காயவைத்த பருத்திப் போர்வைகளை மடித்துப் போட்டேன். பருத்தி ஈரத்தைக் குடித்து மெல்ல விடுவதால் உள்ளே ஏற்ற இறக்கம் நன்றாகக் குறைந்தது.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். பீரோவில் அது வீண். கதவு இடுக்கெல்லாம் காற்று நுழைவதால் ஐப்பசியில் அரைக் கிலோ ஜெல் ஐந்தே நாளில் நிறம் மாறிவிட்டது. ஆனால் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் அதே அரைக் கிலோ இரண்டு மாதம் தாங்குகிறது. அச்சுப் படங்கள் இப்போது அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் இருக்கின்றன. பெட்டியை மூடும் நாள் முக்கியம். மழை நாளில் மூடினால் ஈரத்தையே உள்ளே வைத்து மூடுவதாகிவிடும். நான் வைகாசியிலோ ஆனியிலோ, வெயில் உள்ள மத்தியானத்தில், மீட்டர் 50ஐ ஒட்டிக் காட்டும்போது மூடுவேன். ஜெல்லை வெயிலில் காயவைத்தால் போதாது. இதற்கென்றே ஒதுக்கிய இரும்பு வாணலியில் மெல்லிய தீயில், பழைய நிறம் திரும்பும் வரை வறுக்க வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள்.

காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹ்யூமிடிஃபையர் இயந்திரம் 2016-ல் வாங்கினேன், 18,000 ரூபாய். ஓட்டு வீட்டுக் கூடத்தில் அது ஓடியும் ஒன்றுமில்லை, ஓட்டு இடுக்கு வழியாக ஊர்க் காற்றே உள்ளே வரும். கதவு சாத்திய மெத்தை அறையில் பிரமாதமாக வேலை செய்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்து ஊற்றியிருக்கிறேன். ஐந்தாவது வருஷம் கம்ப்ரஸர் போய்விட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகை புதுசின் பாதி விலை. திரும்ப வாங்கவில்லை. ஏசி அறையில் வைக்கலாமே என்று மகன் சொல்லி, ஒரு கோடை முழுக்க ஒரு லட்சுமி படத்தை அங்கே மாட்டினோம். ராத்திரி குளிர்ச்சி, பகலில் அணைத்தால் வெக்கை. பலகை விரிந்து சுருங்கி, சுண்ணப் பூச்சில் தலைமுடி போல ஒரு கீறல், இரண்டு கல் உதிர்ந்தது. கூடுதல் ஈரம்கூட ஒரே நிலையில் இருந்தால் மரம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது, தினம் ஏறி இறங்குவதைப் பொறுப்பதில்லை.

பூச்சிக்கு முதலில் அந்துருண்டை போட்டேன். இரண்டு வருஷத்தில் நிறுத்திவிட்டேன். அறைக்குள் நுழைந்தாலே தலைவலி, பூசணத்துக்கோ அது ஒன்றும் செய்யாது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் பெரியம்மாவும் பட்டுப்புடவைப் பெட்டியில் வசம்பு வைப்பார். “பிள்ளைக்கு உரைச்சுக் கொடுக்கிற வசம்பு, பூச்சிக்கும் அதாண்டி” என்பார். அதே முடிச்சை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக மாற்றி, படத்தைத் தொடாமல் தட்டின் மூலையில் வைக்கிறேன். காகிதம் தின்னும் அந்த வெள்ளி நிறப் பூச்சி இப்போது அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. முடிச்சு மட்டும்தான் காரணமா என்றால், மாதம் ஒரு தடவை திறந்து தட்டித் துடைப்பதும் காரணமாக இருக்கும்.

அச்சுப் படங்களில் ஒரு வருத்தம் உண்டு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் வந்தன. பெண்கள் அவற்றில் ஜரிகை, துணி, மணி வைத்து அலங்கரிப்பதும் உண்டு. எங்கள் சரஸ்வதிக்கு மாமனாரின் அம்மா கையால் ஜரிகைக் கரை தைத்திருந்தார். 1998-ல் அதையும் இன்னொன்றையும் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தோம். ஜரிகை நசுங்கிப்போய், இப்போது உள்ளே பழுப்பேறி ஓரங்களில் குமிழி விடுகிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை வீட்டில் உரிக்க வழியில்லை. தயவுசெய்து பழைய படம் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தில் பொதிந்து படுக்கையாக வையுங்கள். நடுவில் செய்தித்தாள் வைக்காதீர்கள், அதன் பழுப்பு படத்தில் இறங்கும்.

கலம்காரித் துணிகளை மடித்து வைத்ததில் மடிப்பு ஓரம் நூல் விட்டது. இப்போது கனமான அட்டைக் குழாயில் துவைத்த மல் துணியைச் சுற்றி, ஓவியம் வெளிப்பக்கம் வரும்படி உருட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடிப் படங்களின் பின்பக்கத்தை யாரும் துடைக்கக் கூடாது. அங்கேதான் வண்ணம் இருக்கிறது.

2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. விடிவதற்குள் முன்கட்டு ஓட்டில் பாதி தெருவில் கிடந்தது. மெத்தை அறை நின்றது, பீரோ மேல் முன்கூட்டியே தார்ப்பாய் போட்டிருந்தேன். கூடத்தில் மாட்டியிருந்த ஆறு அச்சுப் படங்கள் மட்டும் நனைந்துவிட்டன. ஊரே தென்னையையும் கூரையையும் இழந்து நிற்கும்போது படத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசவே மனசு வரவில்லை. எங்கள் தெருவில் 19 நாள் கரண்ட் இல்லை. ஈரக் காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூசணம் வந்துவிடும் என்று தெரியும். சட்டத்திலிருந்து பிரித்து, கோரைப்பாய் மேல் பழைய வேட்டியை விரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பினேன். மேலே துணி வைத்து ஒற்றவில்லை, அடியில் உள்ள துணியை மட்டும் மணிக்கொரு தடவை மாற்றினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மாறி மாறிப் பனை விசிறியால் விசிறினோம். நாலு தப்பியது. கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த இரண்டு தப்பவில்லை. அவற்றுக்கு மட்டும் மரப்பட்டி வைக்காமல் விட்டிருந்தேன்.

இப்போது எங்கள் வழக்கம் இது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை எடுத்துத் துடைக்கும்போதே பீரோவையும் திறந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். அடைமழைக்கு முன்னால் வருகிற கடைசி நல்ல நாள்கள் அவை. பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் இன்னொரு தடவை. நடுவில் மாதம் ஒரு பார்வை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம், முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த போட்டோ. அதில் ஒரு பிரதி திருச்சியில் மகளிடம்.

தீராதது ஒன்று இருக்கிறது. நாலடி அகல ராமர் பட்டாபிஷேகம் எந்த பீரோவிலும் நுழையாது. உள்சுவரில்தான் மாட்டியிருக்கிறேன், பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துச் சுவரிலிருந்து விலக்கி. போன கார்த்திகையில் அதன் பின்பக்கம் 74 காட்டியது. கார்க்கை எடுத்துவிட்டு இரண்டு அங்குலக் கட்டை வைக்கச் சொல்லி ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். ஆவணி முடிவதற்குள் வருவதாகச் சொன்னார்.