சசூன் வம்சாவளி சார்ட்: வாங்கலாம், திருத்தச் சொல்லி வாங்குங்கள்

பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் குன்னூர் அச்சகம் ஒன்று போட்டுத் தரும் வரலாற்று சார்ட்டுகளில் டேவிட் சசூன் குடும்பமும் ஒன்று. இரண்டடிக்கு மூன்றடி, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. விலை 450 ரூபாய்; ஃப்ரேமோடு 1,300.

மேல் பாதி அருமை. 1792-இல் பாக்தாத்தில் பிறந்து, அங்கே ஆளுநராக இருந்த தாவூத் பாஷாவின் கெடுபிடிக்குத் தப்பி, பாரசீகத் துறைமுகமான புஷேர் வழியாக 1832-இல் பம்பாய் வந்த யூத வணிகர் டேவிட். முதல் மனைவி ஹன்னா இறந்தபின் ஃபர்ஹாவை மணந்தார். எட்டு மகன்களையும் தாய்வாரியாக இரண்டு நிறத்தில் பிரித்திருப்பதால், அப்துல்லாவும் எலியாஸும் மூத்தாள் பிள்ளைகள் என்று பார்த்ததுமே தெரிகிறது. அண்ணன் அப்துல்லாவிடமிருந்து 1867-இல் தனிக் கம்பெனி வைத்துப் பிரிந்தவர் இந்த எலியாஸ்தான். மாற்றாந்தாய்த் தகராறு என்று நினைப்பவர்களுக்கு அந்த நிறமே பதில்.

கீழே இறங்கினால்தான் குளறுபடி. அப்துல்லாவுக்கும் ஒரு எட்வர்ட், எலியாஸுக்கும் ஒரு எட்வர்ட். இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் அடைத்ததில், லண்டன் அரசியல்வாதி ஃபிலிப்பும் ஷாங்காயில் கேத்தே ஹோட்டல் கட்டிய விக்டரும் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். உண்மையில் இவர்களுடைய தாத்தாக்கள்தான் உடன்பிறந்தவர்கள். ஃப்ளோராவுக்கு இரண்டு கோடு வேண்டும்: அப்துல்லாவின் மகள் அஸீஸாவின் மகள் என்று ஒன்று, அப்துல்லாவின் தம்பி சாலமோனின் மனைவி என்று இன்னொன்று. சார்ட்டில் மனைவிக் கோடு மட்டுமே இருக்கிறது. 1894-இல் கணவர் இறந்தபின் பம்பாய்த் தொழிலை நடத்தியவர், வெளியிலிருந்து வந்த மருமகள் போலத் தெரிகிறார்.

கொடைப் பட்டியலில் புணே மருத்துவமனை, ஓஹேல் டேவிட் ஜெப ஆலயம், பம்பாய் நூலகம் எல்லாம் சரி. சசூன் டாக் மட்டும் அங்கே வரக்கூடாது. அது 1875-இல் அப்துல்லா வியாபாரத்துக்காகக் கட்டிய கப்பல்துறை. டேவிட் இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தொழில் என்ற இடத்தில் பருத்தி, ஜவுளி என்று எழுதிவிட்டுச் சீனாவுக்குப் போன அபினை விழுங்கியது அநியாயம். கொடைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒரு பையனாவது கேட்பான்.

ஃப்ரேமை அவர்களிடம் போடாதீர்கள். கண்ணாடி நேராக அச்சில் படுகிறது. மழைக்காலத்தில் உள்ளே வியர்த்து, மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் வெறும் அட்டை, அதில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். முன்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்தாலும் பயனில்லை. திறந்திருக்கும் பின்பக்கம் ஈரம் குடித்து விரிய, ஓரங்கள் முன்னால் சுருளும். லேமினேஷன் இல்லாமல் வாங்கி, சுற்றிலும் மவுண்ட் போர்டு வைத்துக் கண்ணாடிக்கு இடைவெளி விட்டு, பின்னால் சன்போர்டு (பிளாஸ்டிக் ஃபோம் பலகை) கொடுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

பேரன் பேத்திகள் பெயர் எட்டுப் பாயின்ட் அளவு எழுத்தில் இருக்கிறது, நின்று படிக்க முடியாது. பன்னிரண்டாக்கச் சொல்லுங்கள். திருத்தத்துக்குத் தனிக் காசு கேட்பதில்லை. ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வரும், அதைக் கைப்பேசியில் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள்.