வாடகை வீடு வாங்க எந்தக் கடன்: கன்ஃபார்மிங்கா, டி.எஸ்.சி.ஆரா?

அமெரிக்காவில் வாடகைக்கு விடுவதற்காகவே வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைக் கடன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய நிறுவனங்கள் கடன் வழங்குவோரிடமிருந்து வாங்கிக்கொள்வதற்கு வகுத்த விதிகளுக்குள் அடங்குவது கன்ஃபார்மிங் கடன். அவ்விதிகளுக்கு வெளியே, தனியார் முதலீட்டாளர்களின் பணத்தில், வீட்டின் வாடகையை முதன்மையான அளவுகோலாகக் கொண்டு வழங்கப்படுவது டி.எஸ்.சி.ஆர். கடன்; வாடகை கடன் தவணையைப் போல எத்தனை மடங்கு என்னும் விகிதத்தின் (Debt Service Coverage Ratio) சுருக்கமே இப்பெயர்.

இந்த வேறுபாட்டை ஒரு கணக்கில் தெளிவாகக் காணலாம். ஒரு வீட்டின் வாடகை மாதம் 2,400 டாலர் என்றும், அசல், வட்டி, சொத்து வரி, காப்பீடு அனைத்தும் சேர்ந்த தவணை 2,100 டாலர் என்றும் கொள்வோம். கன்ஃபார்மிங் விதி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களையும் பழுதுச் செலவையும் கருதி, வாடகையில் 75 சதவீதத்தை, அதாவது 1,800 டாலரை மட்டுமே வருமானமாக ஏற்கிறது. ஆகவே மாதம் 300 டாலர் குறைகிறது என்று கணக்கிட்டு, அதை உங்கள் மற்ற கடன்களோடு சேர்த்துவிடுகிறது. டி.எஸ்.சி.ஆர். முறையிலோ 2,400ஐ 2,100ஆல் வகுத்தால் 1.14 வருகிறது, விகிதம் 1 இருந்தால் போதும் என்னும் நிறுவனங்களில் அதே வீடு தேறிவிடும், உங்கள் சம்பளச் சீட்டை அவர்கள் கேட்பதுமில்லை.

அப்படியிருந்தும், நிலையான சம்பளம் உள்ளவர் முதலில் கன்ஃபார்மிங் கடனையே நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் வட்டி பொதுவாகக் குறைவு. கடனை முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் இல்லை. டி.எஸ்.சி.ஆர். கடன்களிலோ முதல் ஆண்டில் 5 சதவீதம், அடுத்த ஆண்டில் 4 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும் அபராதம் பரவலாக உள்ளது. வட்டி இறங்கியதும் கடனை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுபவருக்கு அது பெரிய தடை.

முன்பணத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். ஒற்றை வீட்டுக்கு 15 சதவீத முன்பணத்திலேயே கன்ஃபார்மிங் கடன் கிடைக்கும். இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்துக்கு 25 சதவீதம் வேண்டும். ஆனால் முதலீட்டு வீடு என்பதற்காகவே ஃபேனி மே விதிக்கும் கூடுதல் கட்டணம், 20 சதவீத முன்பணத்தில் கடன் தொகையில் 3.375 சதவீதமாகவும், 25 சதவீத முன்பணத்தில் 2.125 சதவீதமாகவும் இருக்கிறது. 3 லட்சம் டாலர் வீட்டில் முன்பணத்தை 15,000 டாலர் கூட்டினால், இந்தக் கட்டணம் 8,100 டாலரிலிருந்து ஏறத்தாழ 4,780 டாலருக்கு இறங்கும். பெரும்பாலும் இது வட்டி விகிதத்துக்குள் கலந்துவிடுவதால், கேட்டறியாதவர் கண்ணில் படுவதே இல்லை. நம் குடும்பங்களில் பெற்றோர் முன்பணத்துக்கு உதவுவது வழக்கம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஃபேனி மே விதிப்படி முதலீட்டு வீட்டுக்கு அன்பளிப்புப் பணம் செல்லாது.

கன்ஃபார்மிங் கடன் தொகையின் வரம்பு 2026ஆம் ஆண்டில் பெரும்பாலான மாவட்டங்களில் ஒற்றை வீட்டுக்கு 8,32,750 டாலர். விலை மிகுந்த பகுதிகளில் அது 12,49,125 வரை உயரும்.

கன்ஃபார்மிங் வழி அடைபடும் இடங்களும் உண்டு. நீங்கள் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்து, கடனுள்ள வீடுகள் பத்துக்கு மேல் போனால் முதலீட்டு வீட்டுக்கு ஃபேனி மே இடம் தருவதில்லை; ஐந்தாவது வீட்டிலிருந்தே கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய பணம் பற்றிய நிபந்தனைகள் கடுமையாகின்றன. கடன் தனிமனிதர் பெயரில்தான் கிடைக்கும், எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் கிடைக்காது. வரிக் கணக்கில் செலவுகளை நிறையக் கழித்து வருமானத்தைக் குறைத்துக் காட்டும் சுயதொழில் செய்வோரும் இதில் தேறுவது கடினம். இம்மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பவர் டி.எஸ்.சி.ஆர். கடனுக்குச் செல்வது நியாயமே. கையெழுத்திடும் முன் அபராதம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை மட்டும் பேசிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.