சாம்பலா, கசடா: கலப்புச் சிமெண்டில் எது எங்கே பொருந்தும்?

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்னும் கட்டிகளாக ஆக்கும்போது, எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, டன் ஒன்றுக்கு அரை டன் அளவுக்குக் கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. ஆகவே கிளிங்கரைக் குறைத்து ஆலைக்கழிவைச் சேர்ப்பதே மாசைக் குறைக்க நேரான வழி. கடைகளில் அவ்வாறு கிடைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி, இரும்பு ஊதுலைக் கசடு கலந்த பிஎஸ்சி.

இந்தியத் தர விதிகள் சாம்பலை 35 சதவீதம் வரையிலும், கசடை 70 சதவீதம் வரையிலும் அனுமதிக்கின்றன. உருகிய கசடைத் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுள்ள மணலாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே உண்டு. நிலக்கரிச் சாம்பலில் அது குறைவு என்பதால், சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்புக்காக அது காத்திருந்துதான் இறுகுகிறது.

28 நாளில் 53 கிரேடு ஓபிசி, அதாவது கழிவு கலக்காத சாதாரணச் சிமெண்ட், 53 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை தர வேண்டும். கலப்புச் சிமெண்ட் இரண்டுக்கும் 33 போதும் என்கிறது விதி. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் பின்வாங்குவது வருத்தத்துக்குரியது, ஏனெனில் அது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. 28 நாளுக்குப் பிறகும் இவை இறுகிக்கொண்டே போய்க் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றன.

கொத்தனாரின் கைக்குச் சாம்பல் சிமெண்டே இதமானது. சாம்பல் துகள்கள் உருண்டையாக இருப்பதால் கலவை வழுக்கிக்கொண்டு வரும், பூச்சு எளிதில் படியும். எரியாத கரி மிகுந்த சாம்பலாக இருந்தால் மட்டும் பரப்பில் கறுப்புப் படலம் மிதக்கும். கசடுச் சிமெண்டில் வேறொரு காட்சி: பலகை பிரித்த சில நாட்களில் மூலை உடைந்தால் உட்புறம் நீலப்பச்சையாகத் தெரியும். பார்த்தவர்கள் பதறுவார்கள்; ஆனால் அது கசடிலுள்ள கந்தகச் சேர்மங்களின் நிறம், காற்றுப் பட்டால் மங்கிவிடும்.

உப்புக் காற்றும் உவர்நீரும் உள்ள இடத்தில் கசடே மேல் என்பது என் முடிவு. கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் குளோரைடு நுழைவதை அது நன்றாகத் தடுக்கிறது. உள்நாட்டு வீட்டின் கட்டுமானத்துக்கும் பூச்சுக்கும் சாம்பல் சிமெண்ட் தாராளமாகப் போதும். எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் சேறு படிந்து மீனவர் வாழ்வைக் கெடுத்திருப்பதை நினைத்தால், மூட்டைக்குள் போகும் ஒவ்வொரு கிலோ சாம்பலும் எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் நீராற்றுதலில், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவதில், இருக்கிறது. ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் என்றால், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள், வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. ஐந்தாம் நாளே ஈரச் சாக்கை எடுத்துவிட்டால் மேற்பரப்பு துளைகளோடு நின்றுவிடும். அதன் வழியே கரியமில வாயு விரைந்து கம்பியை எட்டித் துருவுக்கு வழிவிடும், கசடு மிகுந்த கலவையில் இன்னும் விரைவாக. எனவே மூட்டையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, பதினான்கு நாளும் தண்ணீர் ஊற்ற ஆளும் தொட்டியும் உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட வேண்டும்.