ப்ராஜெக்ட் இம்ப்ளிசிட் ரேஸ் டெஸ்ட்: எடுத்துப் பாருங்க, ஆனா அதை வச்சு யாரையும் எடை போடாதீங்க

ஆபீஸ்ல இன்டர்வியூ பேனல்ல என்னைப் போட்டாங்க, பல இனத்துக்காரங்க வருவாங்கன்னு தெரியும், அதான் முதல்ல என் மனசுல என்ன கிடக்குன்னு பாத்துடலாம்னு இந்த டெஸ்டை எடுத்தேன். இனம் பத்தி நமக்கே தெரியாம மனசுல இருக்கற சாய்வை அளக்கப் பாக்கற ஆன்லைன் டெஸ்ட் இது. ஃப்ரீ தான், பத்து நிமிஷம் போதும். 1998ல ஆந்தனி கிரீன்வால்ட் டீம் கொண்டுவந்த முறை, அப்புறம் அவரும் மஹ்ஸரின் பனாஜியும் பிரையன் நோசெக்கும் சேந்து சைட்டா நடத்த ஆரம்பிச்சாங்க.

ஸ்க்ரீன்ல ஒவ்வொண்ணா வரும். ஒரு கறுப்பினத்தவர் முகம், ஒரு வெள்ளையர் முகம், நடுவுல சந்தோஷம் மாதிரி நல்ல வார்த்தை, இல்ல வேதனை மாதிரி மோசமான வார்த்தை. இடது பக்கமா வலது பக்கமான்னு கீயைத் தட்டணும், அவ்ளோதான். ஒரு ரவுண்டுல வெள்ளையரும் நல்லதும் ஒரே கீ, இன்னொரு ரவுண்டுல கறுப்பினத்தவரும் நல்லதும் ஒரே கீ. எந்த ஜோடிக்கு எவ்ளோ வேகமா தட்டறோம்னு மில்லிசெகண்ட்ல கணக்கு. ஜோடி மாறின ரவுண்டுல என் விரல் அப்படியே நின்னுடுச்சு, மூளைக்கு பதில் தெரியுது, கை போகல, தப்பா தட்டி சிவப்பு பெருக்கல் குறி வந்துட்டே இருந்துச்சு. கடைசில வெள்ளையர் பக்கம் மிதமான சாய்வுன்னு ரிசல்ட். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது நாம என்ன நம்பறோம்னு சொல்ற டெஸ்ட் இல்ல, சின்ன வயசுலேர்ந்து பாத்தது கேட்டதுல எது எதோட ஒட்டிக்கிச்சுன்னு காட்டுது. ஒரே ஆள் திரும்ப எடுத்தா ஸ்கோர் நல்லாவே மாறலாம், ரெண்டு தடவைக்கும் நடுவுல ஒற்றுமை 0.5 பக்கம்தான் (1 வந்தாதான் முழுசா ஒத்துப்போகுதுன்னு அர்த்தம்)னு ஆராய்ச்சில வந்திருக்கு. பெரிய கூட்டத்தோட சராசரியைப் பாக்க சரி, ஒரு தனி ஆளுக்கு முத்திரை குத்த சரியில்ல. ஒரு கூட்டத்தோட சராசரியைத் தூக்கி ஒரு ஆள் தலைல வைக்கறதுதானே ஸ்டீரியோடைப், அதே வேலையை இந்த ஸ்கோரை வச்சும் செய்யக்கூடாது.

அதுக்காக சாய்வே கிடையாதுன்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன். 2004ல வெளியான ஒரு ஆராய்ச்சில பாஸ்டன், சிகாகோ வேலை விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5000 ரெஸ்யூமே அனுப்பிப் பாத்தாங்க, பேரை மட்டும் மாத்தி. வெள்ளையர் பேருக்கு 10 ரெஸ்யூமேக்கு ஒரு ஃபோன் கால், கறுப்பினப் பேருக்கு 15க்கு ஒண்ணு. அந்த ஃபோன் கால் வராத ஆள் யாருன்னே கம்பெனிக்காரங்க பாக்கல, பேரோட நிறுத்திட்டாங்க.

சரி, ட்ரெயினிங் குடுத்தா இந்த சாய்வு போயிடுமான்னா, 2016ல ஒம்பது வழியைச் சோதிச்சாங்க, எல்லாமே உடனே வேலை செஞ்சுச்சு, சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ பழையபடி ஆயிடுச்சு. அதனால நான் மனசை மாத்தறதை விட்டுட்டு முறையை மாத்தினேன். என்ன திறமை வேணும், ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மார்க்னு ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சேன், ஏன்னா ஆளைப் பாத்த அப்புறம் நமக்குப் பிடிச்சவருக்கு ஏத்த மாதிரி அளவுகோலையே வளைச்சுடறோம், இதை 2005ல போலீஸ் சீஃப் வேலைக்கு ஆண், பெண் வச்சு சோதிச்சே காட்டியிருக்காங்க.

இன்டர்வியூல ஒருத்தரோட உச்சரிப்பு எனக்குப் பழக்கமில்ல, ரெண்டாவது நிமிஷமே 'பேச்சு சுமார்'னு எழுதப் போனேன். மார்க் ஷீட்ல உச்சரிப்புக்கு கட்டமே இல்ல, 'கஸ்டமர் பிரச்சினையைத் தெளிவா விளக்கறாரா'ன்னுதான் இருந்துச்சு. திரும்ப கவனிச்சுக் கேட்டேன், அன்னிக்கு வந்தவங்கள்ல அவர் விளக்கினதுதான் எனக்கு நல்லா புரிஞ்சுது. ஃபுல் மார்க் போட்டேன்.

டெஸ்டுக்கு என் ரேட்டிங் 5க்கு 3.5. கீபோர்டு இருக்கற கம்ப்யூட்டர்ல, தனியா, தூக்கக் கலக்கம் இல்லாம எடுங்க. ஹெச்ஆர்ல இருக்கறவங்க தயவு செஞ்சு ஆளெடுக்கவோ ஆளைக் கழிக்கவோ இதைப் பயன்படுத்தாதீங்க, மார்க் ஷீட்டை இன்டர்வியூக்கு முந்தின நாளே தயார் பண்ணி வைங்க.