ஈஆர்சிபி குழாய்: மூடியை மாற்றுவதா, குழாயையே மாற்றுவதா?

ஈஆர்சிபி என்பது வாய் வழியாகக் குழாய் விட்டு பித்தநாளத்தையும் கணைய நாளத்தையும் பார்த்துச் சரிசெய்யும் முறை. லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ மருத்துவமனையில், அதைச் செய்துகொண்ட சிலருக்கு ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி தொற்றியது 2015-இல் தெரியவந்தது. இத்தனைக்கும் கருவியை விதிப்படிதான் கழுவியிருந்தார்கள். குழாய் நுனியில், கம்பியைத் தூக்கிவிடும் சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதன் இடுக்கில் பிரஷ் சரியாக நுழையாது.

நுனியில் கழற்றி எறியும் மூடி வைத்த குழாயில் அந்த இடுக்கைச் சுத்தம் செய்வது எளிது. டாக்டரின் கைக்குப் பழகிய வடிவம், செலவும் குறைவு. ஆனால் உள்ளே ஓடும் நீண்ட துளையை இன்னமும் கழுவித்தான் ஆக வேண்டும். ஈரம் தங்கினால் அங்கே கிருமிப்படலம் படியும்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குழாய்க்கு 2019 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. முந்தைய நோயாளியின் கிருமி குழாய் வழியாக வர வாய்ப்பில்லை. விலையும் குப்பையும்தான் அதிகம்.

ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி ஏற்கெனவே உள்ளவருக்கும், நோயெதிர்ப்பு குன்றியவருக்கும் இந்த ஒருமுறைக் குழாயையே கேட்பேன். மற்றவர்களுக்கு மூடி மாற்றும் குழாய் போதும், முழுக்கக் காயவைத்திருந்தால்.