வீணை படிக்கச் சேர்க்கிறீர்களா? உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

போன வருடம் மகளை வீணைப் பட்டப்படிப்புக்கு ஒரு தனியார் இசைக் கல்லூரியில் சேர்த்து 60,000 ரூபாயைத் தொலைத்தேன். பணம் வரும்வரை வாயைக் கட்டித்தான் ஆக வேண்டும், அதனால் கல்லூரியின் பெயர் போடவில்லை.

சேரப்போன அன்று கூடத்தில் பன்னிரண்டு வீணைகள், சிவப்பு வெல்வெட் உறை போட்டு வரிசையாக, ஊதுபத்தி வேறு. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி நின்றோமே தவிர, ஒரு உறையைக்கூடத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் மகள் படம் அனுப்பினாள். பன்னிரண்டில் நான்கில்தான் ஏழு தந்தியும் இருந்தன. அவளுக்குக் கொடுத்ததில் மெழுகு வெடித்து மூன்று மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) விழப்போகும் பால்பல் மாதிரி ஆடின. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்து நிற்கும், அதன் மேல் தந்தியை இழுத்துத்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வரும், மெட்டே ஆடினால் எத்தனை பயிற்சி செய்தாலும் ஸ்வரம் நிற்காது, கூடவே காதும் கெட்டுப்போகும். சரி செய்ய ஆளைக் கூப்பிடுங்கள் என்றால் "எம்-சீல் வச்சு ஒட்டிக்கலாம் சார்" என்கிறார் அலுவலகத்துக்காரர். எம்-சீல்! தண்ணீர்க் குழாய்க்கு வைப்பது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன், வீணை டீச்சரே இல்லை. விளம்பரத்தில் படம் போட்டிருந்த அம்மா வருடத்துக்கு ஒரு தடவை தேர்வு நடத்த மட்டும் வருகிறவராம். வாய்ப்பாட்டு சார் ஒருவரே வயலின், மாண்டலின், வீணை எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஆரம்பப் பாட வரிசைகளைப் பாடுவார், அவரவர் வாத்தியத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் மேல் கோபமில்லை, மூன்று மாதம் சம்பளம் பார்க்காத மனிதர். ஆனால் இடது கை விரல்களை எங்கே பிரிப்பது என்று பாடிக் காட்ட முடியுமா? படத்தில் இருப்பவர் எந்தக் கிழமைகளில் வருகிறார் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் பிள்ளையை ஒரு வர்ணம் (ஆரம்பப் பாடங்களுக்கு அப்புறம் கற்கும் உருப்படி) வாசிக்கச் சொல்லுங்கள்.

பட்டம் தருவது வேறு மாநிலப் பல்கலைக்கழகம் என்றார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் அதன் பெயர் இருந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டால், இப்படி ஒரு கல்லூரி எங்களோடு இணைக்கப்படவில்லை என்று இரண்டு வரியில் பதில்.

விலகுகிறோம் என்றதும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழைத் தர மறுத்தார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது, அதை அச்செடுத்து மேசையில் போட்டதும் பீரோ திறந்தது. பணத்துக்கு மட்டும் நான்கு மாதமாக "அடுத்த வாரம் வாங்க".

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு நான்கிலும் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. கட்டடம் பழசு என்று போன வருடம் ஒதுக்கியவன் நான்தான். போன வாரம் அதில் ஒன்றுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் ஒரு வீணையின் உறையைக் கழற்றி மெட்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். அங்கிருந்த ஆசிரியை சிரித்தார். "எங்கேயோ நல்லாப் பட்டுட்டு வந்திருக்கீங்க போல."